அசையும் முள்ளெல்லாம் அளக்கும் முள்ளா?



நம் வீடுகளில் பழைய பொருளொன்று மீண்டும் பீரோவை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறது. 1970களிலும் 80களிலும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பொருளீட்டச் சென்ற நம் பெரியவர்கள், ஊர் திரும்புகையில் அத்தர் புட்டிகளோடும் டேப் ரெக்கார்டரோடும் கொண்டுவந்த ஃபிலிம் கேமராவே அது. யாஷிகா, கேனான், மினோல்டா, ஒலிம்பஸ் என்று பெயர்கள் பல. அத்தாவின் கேமராவையும் நன்னாவின் கேமராவையும் இன்று பேரப்பிள்ளைகள் ஆசையோடு எடுத்துத் துடைக்கின்றனர். ஃபிலிம் சுருள் மீண்டும் கிடைக்கிறது. அதைக் கழுவித் தரும் நிலையங்களும் பெருநகரங்களில் இயங்குகின்றன. சில வீடுகளில் அக்கேமராக்கள் விற்பனைக்கும் செல்கின்றன.

அவ்விற்பனை விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு சொற்றொடரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம். 'மீட்டர் வேலை செய்கிறது' என்பதே அது. விற்பவரைக் கேட்டால், 'வெளிச்சத்தில் காட்டினேன், முள் அசைந்தது' என்பார். முள் அசைவது ஒன்று; முள் சரியாக அளப்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வாங்குபவர் பணத்தை இழக்கிறார். விற்பவர் தம் அமானிதத்தை இழக்கிறார். புகைப்படம் பற்றிய மார்க்கச் சட்ட ஆய்வு இக்கட்டுரையின் பொருளன்று. அளவுகோல் ஒன்றைக் கையில் வைத்திருப்பவரின் பொறுப்பு யாது என்பதே நம் பேச்சு.

முதலில் அக்கருவியைச் சற்று அறிவோம். ஃபிலிமில் படம் பதிவதற்குத் தேவையான ஒளி, கூடினாலும் குறைந்தாலும் படம் கெடும். ஒளி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, எந்த அபர்ச்சர், எந்த ஷட்டர் வேகம் என்று சொல்வதே ஒளிமானியின் வேலை. ஒளியை இருமடங்காக்குவதையோ பாதியாக்குவதையோ புகைப்படக்காரர்கள் ஒரு 'ஸ்டாப்' என்பர். ஒளிமானி அடியோடு செத்துவிட்டால் அதனால் பெரிய தீங்கில்லை. முள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். நாமும் அதை நம்பமாட்டோம். இரண்டு ஸ்டாப் பிழையோடு உயிருடன் இருக்கும் ஒளிமானியே ஆபத்தானது. அது ஒவ்வொரு முறையும் உறுதியாகப் பதில் சொல்லும். நாம் ஒவ்வொரு முறையும் நம்புவோம். கைப்பேசியைப் போல எடுத்த உடனே பார்க்க இயலாதாகையால், 36 படங்களும் முடிந்து சுருளைக் கழுவிய பிறகே பிழை தெரியும். அதற்குள் நிக்காஹ் முடிந்திருக்கும். ஹஜ்ஜுக்குச் செல்லும் பெரியவர் புறப்பட்டிருப்பார். அந்தக் கணங்களைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஒளியை அளப்பது எத்துணைக் கவனம் வேண்டும் வேலை என்பதற்குச் சான்று தேடி ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழும் நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர் வருகிறது. அங்கு வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு அங்குப் பணி தொடங்கிற்று. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் பயன்பாட்டுக்கு வந்தன. விண்மீனின் ஒளியை மின்குறிப்பாக மாற்றி அளக்கும் ஒளிமானிகள் அத்தொலைநோக்கிகளில் பொருத்தப்பட்டன. கேமராவின் ஒளிமானியும் அடிப்படையில் அதே வேலையைச் செய்வதுதான். அளவும் நுட்பமும்தாம் வேறு.

வானியலார் தம் ஒளிமானியை வெறுமனே நம்புவதில்லை. ஆராயும் விண்மீனை அளப்பர். ஒளியளவு முன்னரே நிலைநாட்டப்பட்ட வேறொரு விண்மீனையும் அளப்பர். விண்மீனற்ற வெறும் வானத்தையும் அளந்து கழிப்பர். காற்று மண்டலம் எவ்வளவு ஒளியை விழுங்கிற்று என்பதையும் கணக்கில் சேர்ப்பர். கருவி சொல்வதைக் கருவிக்கு வெளியே உள்ள ஓர் உண்மையோடு ஒப்பிடாத வரை, அவர்கள் அதை அளவாக ஏற்பதில்லை.

இந்தக் கவனத்தின் பயன் 1977 மார்ச் 10 அன்று வெளிப்பட்டது. அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்நிகழ்வை அளந்துகொண்டிருந்தபோது, கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சற்றே குறைந்து மீண்டது பதிவாயிற்று. அதே இரவில் அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் ஆய்வகமும் இத்தகைய ஒளிக்குறைவுகளைப் பதிவு செய்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்ற உண்மை இவ்வாறுதான் உலகுக்குத் தெரியவந்தது. தம் ஒளிமானி எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்னரே சோதித்து அறிந்தவர்க்கே, 'இக்குறைவு கருவியின் கோளாறன்று. வானில் ஏதோ நிகழ்ந்திருக்கிறது' என்று துணிந்து சொல்ல முடியும்.

இனி, நம் வீட்டுக் கேமராவுக்கு வருவோம். அதைச் சோதிக்கத் தொழில்நுட்பப் படிப்பு தேவையில்லை. ஒழுங்கும் பொறுமையும் போதும்.

முதலாவதாக, ஒளிமானி எவ்வகை என்று அறிய வேண்டும். லென்ஸைச் சுற்றியோ கேமராவின் நெற்றியிலோ தேன்கூடு போன்ற கண்ணாடிப் பட்டை இருப்பின் அது பெரும்பாலும் செலினியம் வகை. அதற்கு பேட்டரி வேண்டியதில்லை. ஒளி பட்டதும் தானே மின்சாரம் உண்டாக்கும். 1967இல் வெளிவந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 இவ்வகையே. அக்கேமராவில் அபர்ச்சர் வளையத்தை 'ஏ' என்ற குறியில் வைத்து, செலினியம் பட்டையைக் கையால் நன்றாக மூடி ஷட்டர் பொத்தானை அழுத்தினால், பார்வைச் சாளரத்தில் சிவப்புக் கொடி எழ வேண்டும். ஷட்டரும் பூட்டிக்கொள்ள வேண்டும். நல்ல வெளிச்சத்தில் அக்கொடி எழக்கூடாது. செலினியம் தன் ஆயுள் முடிந்து வலுவிழந்துவிட்டால் மீண்டும் வலுப்பெறாது. அதே மாதிரியான மற்றொரு கேமராவிலிருந்து எடுத்து மாற்றுவதே வழி.

பேட்டரி அறை உள்ள கேமராக்களில் கேட்மியம் சல்ஃபைடு அல்லது சிலிக்கான் வகை உணர்கருவி இருக்கும். அவற்றில் முள் அசையவில்லையெனில் உடனே பழுது என்று முடிவு கட்டலாகாது. சில கேமராக்களில் ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலைச் சற்று வெளியே இழுத்தால்தான் ஒளிமானி விழிக்கும். சிலவற்றில் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்த வேண்டும். பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றில் நிறுத்தும் விசையே இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பேட்டரி மிஞ்சும். இவற்றையறியாமல் நல்ல கேமராவைப் 'பழுது' என்று அடிமாட்டு விலைக்கு விற்றவரும் உண்டு. தெரிந்தே அவ்விலைக்கு வாங்கியவரும் உண்டு.

இரண்டாவதாக, பேட்டரி அறையைத் திறந்து பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் உள்ளேயே கிடந்த பேட்டரி கசிந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குப் படிந்திருக்கும். அல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை கொண்டது. ஆகவே பஞ்சு முனையில் சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் கரையும். பின்னர் ஈரமான பஞ்சாலும் உலர்ந்த பஞ்சாலும் துடைத்து நன்கு உலரவிட வேண்டும். நீர்மத்தை உள்ளே சொட்டவிடலாகாது. கையுறையும் கண்ணாடியும் அணிவது நல்லது. துடைத்த பின்னும் முள் அசையாவிட்டால், அறைக்கு அடியில் ஓடும் மெல்லிய கம்பி அரித்துப்போயிருக்கலாம். பற்றவைக்கத் தெரிந்தவர் அதைச் சரிசெய்துவிடுவார்.

இவ்விடத்தில் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பொத்தான் பேட்டரிகளைக் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தாலும், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அது தொண்டையில் சிக்கினால் ஓரிரு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

மூன்றாவது சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகின்றனர். முள் பொய் சொல்லத் தொடங்குவதும் இங்குத்தான். 1960களிலும் 70களிலும் செய்யப்பட்ட கேமராக்கள் பல, 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. மினோல்டா எஸ்ஆர்டி 101, கேனானெட் கியூஎல் 17 ஆகியன அவற்றுள் அடங்கும். பாதரச பேட்டரி தீரும்வரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம் தரும். ஆனால் பாதரசம் நஞ்சு. ஜப்பானின் மினமாட்டா ஊரில் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன்வழி மக்களின் உடலில் புகுந்து விளைத்த கொடுமை 1956இல் வெளிவந்தது. அவ்வூரின் பெயரால் அமைந்த உலக உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2018இல் அதை உறுதிசெய்தது. பாதரச பேட்டரிகள் கடைகளிலிருந்து மறைந்தது நன்மைக்கே. வீட்டில் அத்தகைய பழைய பேட்டரி இருப்பின் அதை உடைக்கவோ எரிக்கவோ குப்பையில் எறியவோ வேண்டாம். பொதிந்து வைத்து மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

அந்த அறையில் இன்று கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் முள் துள்ளி எழும். விற்பவர் மகிழ்வார். ஆனால் மின்னழுத்தம் கூடியதால் இருப்பதைவிட மிகுந்த ஒளி இருப்பதாக அம்முள் காட்டும். அதை நம்பி எடுத்த படம் இருண்டு போகும். அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால் பிழையின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற சில கேமராக்களின் மின்சுற்று இவ்வேறுபாட்டைத் தாங்கும். பிறவற்றுக்கு மாற்று வேண்டும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாகக் காற்று பேட்டரி ஏறத்தாழ 1.4 வோல்ட் தருகிறது, விலையும் குறைவு. அது சற்றுச் சிறியதாகையால் ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றிலும் இட்டுப் பொருத்தலாம். ஒட்டுத்தாளை உரித்ததும் சில நிமிடம் காற்றுப்பட வைக்க வேண்டும். உரித்த பின் சில வாரங்களே உழைக்கும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டயோடு பொருத்திய உறைகளும் உண்டு, அவற்றில் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரியை இட்டுப் பயன்படுத்தலாம்.

நான்காவதாக, முள் தாவித் தாவி அசைந்தால் ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கும் ஏஎஸ்ஏ வளையத்தையும் ஷட்டர் வளையத்தையும் பல முறை இருபுறமும் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் மின்தடைப் பாதையில் படிந்த அழுக்கு பெரும்பாலும் இதனாலேயே விலகும்.

ஐந்தாவது, காவலூரார் செய்வதைப் போன்ற ஒப்பீடு. நமக்கு எட்டும் விண்மீன் ஒன்று உண்டு; அது பகலில் தெரிவது. மேகமற்ற நண்பகல் வெயிலில், அபர்ச்சர் 16 எனில் ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஏஎஸ்ஏ எண்ணுக்கு நெருக்கமாக இருக்கும் என்பது புகைப்படக்காரர்களின் நெடுங்கால விதி. ஏஎஸ்ஏ 100 எனில் நொடியில் 125இல் ஒரு பங்கு. வெயில் விழும் புல்தரையை நோக்கிக் கேமராவைப் பிடித்து, ஒளிமானி இதற்கு நெருங்கிய அளவைச் சொல்கிறதா என்று பாருங்கள். பின்னர் திறந்த வானத்தின்கீழ் உள்ள நிழலில் பாருங்கள். அங்கு ஏறத்தாழ மூன்று ஸ்டாப் குறைய வேண்டும். அடுத்து வீட்டினுள் பாருங்கள். கைப்பேசியின் ஒளிமானிச் செயலியை அருகில் வைத்து ஒப்பிடலாம். மலை மீது பனிமூட்டம் இறங்கும் காலை வேளையில் இச்சோதனையைச் செய்யாதீர்கள். வெளிச்சம் நிலையாக உள்ள நேரத்தையே தேர்ந்தெடுங்கள். வெயிலிலிருந்து வீட்டினுள் வந்ததும் சற்றுக் காத்திருங்கள்; கேட்மியம் சல்ஃபைடு உணர்கருவிக்குப் பழைய வெளிச்சத்தின் நினைவு உடனே நீங்குவதில்லை.

மூன்று இடங்களிலும் பிழை ஒரே அளவாக இருந்தால் கவலையில்லை. எங்கும் ஒரு ஸ்டாப் மிகுதியாக ஒளி காட்டுகிறது எனில், 100 ஃபிலிமுக்கு வளையத்தை 50இல் வைத்தால் கணக்கு நேராகிவிடும். வெயிலில் சரியாகவும் வீட்டினுள் தவறாகவும் காட்டினால், எத்திருத்தமும் உதவாது. அதை நம்பாமல் கைப்பேசியால் அளந்து படமெடுப்பதே அறிவுடைமை.

இவையனைத்தும் சரியாயிருந்தும் படம் கெட்டது என்று சிலர் கூறுவர். பெருநாள் தொழுகைத் திடலில் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக நிற்கும் வரிசைகளைப் படமெடுத்தால் அவை சாம்பல் நிறமாகின்றன. கறுப்பு புர்கா அணிந்த உம்மாவைப் படமெடுத்தால் புர்கா வெளிறுகிறது, முகம் வெளுத்துப்போகிறது. இது ஒளிமானியின் குறையன்று. தன்முன் உள்ள எதுவும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே அது கணக்கிடுகிறது. வெள்ளை நிறைந்த காட்சிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் ஒளியைக் கூட்டியும், கறுப்பு நிறைந்த காட்சிக்கு அவ்வளவே குறைத்தும் எடுக்க வேண்டியது நம் வேலை. கருவியின் மீது குறை சொல்லும் முன் அதன் மொழியை நாம் கற்றோமா என்று கேட்பது நீதி.

இப்போது விற்பனைக்கு வருவோம். காய்கறிக் கடையின் தராசை அரசு சோதித்து முத்திரையிடுகிறது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அதற்கென்றே உள்ளது. இஸ்லாமிய ஆட்சிகளின் சந்தைகளில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து வந்தார். மர்வு நகரின் அறிஞர் அல்-காஸினி 1121இல் 'மீஸானுல் ஹிக்மா' என்ற நூலை எழுதி, தராசின் அமைப்பையும் அதைச் சரிபார்க்கும் முறையையும் ஆராய்ந்தார். ஆனால் பீரோவிலுள்ள கேமராவின் ஒளிமானியைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அங்கு முஹ்தஸிபாக இருக்க வேண்டியவர் அதன் உரிமையாளரே.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதை அறிந்த நிகழ்வை நாம் அனைவரும் மதரஸாவில் படித்திருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவரைத் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். நனைந்த தானியத்தை விற்கலாகாது என்று அங்குத் தடுக்கவில்லை. நனைந்ததை மறைத்ததே குற்றமாயிற்று. விற்பனைக்கு முன்பே இருந்த மறைவான குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்பதை ஷாஃபிஈ மத்ஹபும் ஹனஃபி மத்ஹபும் ஏற்கின்றன. கியாருல் ஐப் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன.

இதற்குச் சிலர் மறுமொழி கூறுவர். 'நாங்கள் மெக்கானிக் அல்லர். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?' என்பர். நியாயமான கேள்வியே. தெரியாததைச் சோதித்தே தீர வேண்டும் என்று நாம் கூறவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவேண்டாம் என்றே கூறுகிறோம். 'முள் அசைகிறது, அளவு சரியா என்று சோதிக்கவில்லை' என்று எழுத எந்தப் படிப்பும் தேவையில்லை. 'அல்கலைன் பேட்டரி போட்டிருக்கிறோம். வெயிலில் ஒரு ஸ்டாப் மிகுதியாகக் காட்டுகிறது' என்று எழுதினால் இன்னும் சிறப்பு. விலை சிறிது குறையலாம். அந்தக் குறைவான விலையில் பரக்கத் இருக்கும். 'இருக்கும் நிலையில் விற்கிறோம்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் போதாதா என்றும் கேட்பர். அச்சொல்லின் சட்ட விளைவு குறித்து மத்ஹபுகளில் விரிவான விளக்கங்கள் உள்ளன. ஆயினும், தாம் அறிந்த குறையை அச்சொல்லுக்குள் ஒளித்துவைப்பவரின் மனம் அக்குவியலின் ஈரத்தை மூடிய கையைப் போன்றதே.

வேறு சிலர், 'கைப்பேசி இருக்கும் காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு? தூக்கி எறிந்துவிடலாமே' என்பர். பேட்டரி மாற்றினாலோ வளையத்தைத் திருப்பினாலோ உயிர்பெறும் ஒன்றை எறிவது வீண்விரயம். ஒளிமானி செத்தாலும், முழுவதும் இயந்திரத்தால் இயங்கும் கேமரா படம் எடுக்கும். அத்தா பாலைவன வெயிலில் உழைத்து வாங்கிய பொருளை, சில சோதனைகளுக்கும் சிறிது பஞ்சுக்கும் தகுதியற்றது என்று ஒதுக்குவது அழகன்று.

ஆகவே, இந்த வாரம் வீட்டிலுள்ள கேமராவை வெளியே எடுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்தி, வெயிலிலும் நிழலிலும் வீட்டினுள்ளும் அதன் அளவை ஒப்பிடுங்கள். கண்டதை ஒரு சிறு தாளில் எழுதி கேமராவின் உறைக்குள் வையுங்கள். நாமே பயன்படுத்தினாலும், வாரிசுக்குக் கொடுத்தாலும், அந்நியருக்கு விற்றாலும் அத்தாள் உடன் செல்லட்டும். வானத்தை உயர்த்திய இறைவன் துலாக்கோலையும் நிறுவினான் என்று சூரா அர்ரஹ்மான் நமக்கு உணர்த்துகிறது. அத்துலாக்கோலின் நீதி பெரிய சந்தைகளுக்கு மட்டும் உரியதன்று; விரல்நக அளவுள்ள ஒரு முள்ளுக்கும் உரியது.

அளவிலும் சொல்லிலும் நேர்மை தவறாதோராக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.